போர்டு போய்விட்டது என்று சொல்லப்பட்ட பழைய வாஷிங் மெஷினை வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த்தில் ஒரு வீட்டின் பின்கட்டில் வாடகைக்கு இருக்கிறேன். வீட்டுக்கார ஆன்ட்டியின் கராஜில் முன்கதவு வைத்த 7 கிலோ வாஷிங் மெஷின் ஒன்று ரொம்ப நாளாகச் சும்மா கிடக்கிறது. ஓடவைத்தால் நீயே வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டார். பிளக்கைச் சொருகினால் ஒரு விளக்குகூட எரியவில்லை. வந்து பார்த்த மெக்கானிக், "போர்டு போய்விட்டது, புதுப் போர்டு விலைக்கு வேறொரு பழைய மெஷினே வாங்கலாம்" என்றார். என்னிடம் மல்டிமீட்டரும் சால்டரிங் அயர்னும் இருக்கின்றன, ஓரளவு பழக்கமும் உண்டு. நானே சரிசெய்ய முடியுமா? சரியானால் லோட் ஷெட்டிங் (முறைவைத்துக் கரண்ட் நிறுத்தும்) நேரத்தில் இன்வெர்ட்டரில் ஓட்டலாமா?

பதில்:

முடியும் தம்பி. மெக்கானிக் பொய் சொல்லவில்லை, அவர் கணக்கு வேறு. ஒரு போர்டை, அதாவது மெஷினை இயக்கும் எலக்ட்ரானிக் அட்டையை, மேஜையில் போட்டு அரை நாள் உட்கார்ந்தால் அவருக்குக் கட்டுபடியாகாது. அதற்குள் நாலு வீடு பார்த்துவிடுவார். உனக்கு ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது. அதோடு, ஒரு விளக்குகூட எரியவில்லை என்கிறாயே, அது உனக்குச் சாதகம்தான். பாதி துவைத்து நடுவில் நின்று, தினம் ஒரு எரர் காட்டும் மெஷினைவிட, அடியோடு படுத்துவிட்ட மெஷினில் கோளாறைப் பிடிப்பது சுலபம். பெரும்பாலும் கரண்ட் உள்ளே நுழையும் வாசலிலேயே குற்றவாளி அகப்பட்டுவிடுவான்.

ஆனால் போர்டைக் கழற்றி மேஜைக்குக் கொண்டுபோகும் அவசரம் வேண்டாம். போர்டு தானாகச் சாவது குறைவு. பம்ப், வால்வு, ஹீட்டர், மோட்டார், இல்லையென்றால் தெருவிலிருந்து வந்த கரண்ட், இவற்றில் ஏதோ ஒன்று அதைக் கொன்றிருக்கும். அது எது என்று பார்க்காமல் கருகிய பாகத்தை மட்டும் மாற்றினால், புதுப் பாகமும் சுவிட்ச் போட்ட அடுத்த நொடி புகைந்துபோகும். புதுப் போர்டு வாங்கிப் போட்டவர்களுக்கும் இதே கதிதான். "புதுசு போட்டும் ஒரு வாரம்கூட ஓடவில்லை" என்று புலம்புகிறவர்கள் வீட்டில் பெரும்பாலும் பழைய பம்ப் இன்னும் உள்ளேதான் இருக்கும். அதனால் வெளியிலிருந்து உள்ளே வா.

அதற்கும் முன்னால் ஒன்று. அந்த மெஷின் எப்படி கராஜுக்குப் போனது என்று ஆன்ட்டியிடம் கேள். 2022 ஏப்ரலில் நம் குவாசுலு-நடால் மாகாண வெள்ளத்தில் 400-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள், எத்தனையோ வீடுகள் தண்ணீரில் நின்றன. அப்போது நனைந்த மெஷின்கள் இன்றும் கராஜிலும் பழைய சாமான் கடையிலும் கிடக்கின்றன. பின்பக்கத் தகட்டைக் கழற்றி டார்ச் அடித்துப் பார். உட்சுவரில் மண் கோடு ஒன்று நேராக ஓடினாலோ, மோட்டார் சுருளில் சேறு காய்ந்து ஒட்டியிருந்தாலோ, அதை விட்டுவிடு. போர்டு பிழைத்தாலும் பேரிங்கும் மோட்டாரும் உன்னை விடாது. "போன வருஷம் கரண்ட் போய் வந்தது, அதற்கப்புறம் எரியவில்லை" என்று ஆன்ட்டி சொன்னால் சந்தோஷப்படு. நம் ஊரில் மெஷின் சாகும் வழிகளில் மிகச் சாதாரணமானது அதுதான், சரிசெய்யக்கூடியதும் அதுதான்.

இனி பாதுகாப்பு. இதை வழக்கமான எச்சரிக்கை என்று தாண்டிப் போய்விடாதே. கையில் வைத்திருக்கும் சின்ன எலக்ட்ரானிக்ஸ் அனுபவம் இங்கேதான் ஆளை ஏமாற்றும். ரேடியோவிலும் போன் சார்ஜரிலும் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று மெயின் கரண்டைப் பிரித்துவிடும். 5 வோல்ட் பக்கம் உண்மையிலேயே 5 வோல்ட்தான். வாஷிங் மெஷின் போர்டு பலவற்றில் அந்தப் பிரிவினை கிடையாது. அதன் 5 வோல்ட் லைன் நேராக மெயினின் ஒரு கம்பியோடு பிணைந்திருக்கும். அந்தக் கம்பி லைவாக இருந்தால், 5 வோல்ட் என்று நீ நினைத்துத் தொடும் இடத்துக்கும் தரைக்கும் நடுவில் 230 வோல்ட் நிற்கும். ஆகவே பிளக் சொருகியிருக்கும்போது போர்டில் எந்த இடத்தையும் கையால் தொடாதே. கணினியோடு யுஎஸ்பி கேபிள், ஆசிலோஸ்கோப் கிளிப் எதையும் அதோடு இணைக்காதே. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெப்பாசிட்டரின் இரு காலுக்கும் நடுவே மீட்டர் வைத்து வோல்டேஜ் இறங்கிவிட்டதா என்று பார்த்துவிட்டுக் கை வை. ஈரத் தரையில், வெறுங்காலோடு, வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் இந்த வேலை வேண்டாம். இன்னொன்று: பிளக்கின் பெரிய பின்னுக்கும் மெஷினின் உலோக உடம்புக்கும் நடுவே ஓம் பார். ஒரு ஓமுக்குள் இருக்க வேண்டும். எர்த் அறுந்த மெஷினில் மேற்கொண்டு எதையும் செய்யாதே, முதலில் அதைச் சரிசெய்.

சரி, இப்போது மீட்டரை எடு. பிளக் வெளியே. போர்டுக்குப் போகும் கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்று; கழற்றும் முன் போனில் படம் எடுத்துக்கொள். எந்தக் கனெக்டர் எதற்குப் போகிறது என்று கம்பியைப் பின்தொடர்ந்து போய்ப் பார்த்து அளந்துவிடு. ஹீட்டர் 25-லிருந்து 30 ஓம் காட்டும். சுமார் 2000 வாட் ஹீட்டருக்கு 230 வோல்ட்டில் கணக்குப் போட்டாலும் அதுதான் வரும். டிரெயின் பம்ப் பெரும்பாலும் 100-லிருந்து 200 ஓம். தண்ணீர் வால்வுச் சுருள்கள் சுமார் 3-லிருந்து 5 கிலோ ஓம். இரண்டு வால்வு இருந்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகக் காட்ட வேண்டும், ஒன்று மட்டும் பாதி காட்டினால் அது சந்தேகக் கேஸ். கார்பன் பிரஷ் வைத்த மோட்டார் என்றால் சில ஓம்களே வரும். டிரம் பட்டையைக் கையால் உருட்டிக்கொண்டே அள. எண் குதித்துக் குதித்துப் போனால் பிரஷ்ஷைக் கழற்றிப் பார். தேய்ந்த பிரஷ் தீப்பொறி விடும், அந்தப் பொறிதான் பல மெஷின்களில் மோட்டார் ட்ரையாக்கை (போர்டில் மோட்டாருக்குக் கரண்டைத் திறந்து மூடும் எலக்ட்ரானிக் சுவிட்சை) தின்றுவிடுகிறது.

அடுத்து, இவை ஒவ்வொன்றின் காலுக்கும் மெஷின் உடம்புக்கும் நடுவே அள. எதுவும் காட்டக்கூடாது. ஹீட்டரில் சில மெகா ஓமோ அதற்குக் கீழோ காட்டினால் அது கசிகிறது. மல்டிமீட்டர் சின்ன பேட்டரியில் அளப்பதால் சில கசிவுகள் அதன் கண்ணில் படாது. 500 வோல்ட் இன்சுலேஷன் டெஸ்டர் யாரிடமாவது இருந்தால் கடன் வாங்கு. இந்த ஊரில் வீட்டின் மெயின் சுவிட்ச் பெட்டியான டிபி போர்டில், கசிவைக் கண்டால் கரண்டைத் துண்டிக்கும் எர்த் லீக்கேஜ் சுவிட்ச் 30 மில்லி ஆம்பியரில் விழுந்துவிடும். துவைக்கத் தொடங்கும்போது ஒன்றும் ஆகாமல், தண்ணீர் சூடேறும் நேரத்தில் வீடு முழுக்க இருட்டாகிறது என்றால், போர்டைத் திட்டாதே, ஹீட்டரை மாற்று.

வெளியே எல்லாம் சரியாக இருந்தால், அல்லது கெட்டதை மாற்றிவிட்டால், போர்டுக்கு வரலாம். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார். இந்த ஊரில் பல்லி ஒரு தனி அத்தியாயம். குளிர்காலத்தில் போர்டின் கதகதப்புக்கு உள்ளே போய் உட்காரும், இரண்டு தடத்தின் குறுக்கே கால் வைக்கும், அதோடு முடிந்தது. காய்ந்த வாலும் கருகிய கறையும்தான் மிஞ்சும். கரப்பான் எச்சமும் எறும்பும் இதே வேலையைச் செய்யும். மெரேபேங்க், புளஃப் மாதிரி கடலோரப் பகுதியாக இருந்தால் கனெக்டர் பின்களில் பச்சைப் பூஞ்சை மாதிரி உப்பு அரித்திருக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் பழைய டூத் பிரஷ்ஷும் போதும். தேய்த்துக் கழுவி நன்றாகக் காயவிடு. கரி படிந்த இடத்தைச் சுரண்டி எடு. கரி கரண்டைக் கடத்தும், மேலே வார்னிஷ் அடித்து மறைத்தால் மறுபடி எரியும்.

இப்போது கரண்ட் நுழையும் மூலை. மெயின் கனெக்டர் பக்கத்தில் நீலமோ மஞ்சளோ நிறத்தில் பொத்தான் மாதிரி தட்டையாக ஒன்று இருக்கும், அதுதான் வேரிஸ்டர். 10டி471 என்கிற மாதிரி எண் போட்டிருக்கும்; 10 என்பது மில்லிமீட்டரில் குறுக்களவு, 471 என்றால் 470 வோல்ட். ஏசி கணக்கில் அது 300 வோல்ட் வரை தாங்கும். கரண்ட் திரும்பி வரும்போது எழும் வோல்டேஜ் துள்ளலைத் தான் விழுங்கிப் போர்டைக் காப்பது அதன் வேலை. 2023-இல் லோட் ஷெட்டிங் உச்சத்தில் இருந்தபோது இந்தச் சின்னப் பொத்தான்கள் எத்தனை வீட்டைக் காப்பாற்றினவோ! அது லேசாகக் கருத்திருந்தால் துள்ளலில் போயிருக்கலாம். ஆனால் வெடித்துச் சிதறி, சுற்றிலும் புகை படிந்திருந்தால் நான் வேறு மாதிரி யோசிப்பேன். கண நேரத் துள்ளலுக்கு அவ்வளவு நாசம் வராது. நொடிக்கணக்கில் அதிக வோல்டேஜ் நின்றிருக்க வேண்டும். கேபிள் திருட்டிலோ பழைய இணைப்பிலோ தெருவில் நியூட்ரல் அறுந்தால் வீட்டுக்குள் 230-க்குப் பதில் 300, 400 வோல்ட்கூட வரும். அதே நாளில் ஆன்ட்டி வீட்டில் டிவியோ மைக்ரோவேவோ போனதா என்று கேள். போயிருந்தால் காரணம் மெஷினுக்குள் இல்லை என்று நிம்மதியாக வேலையைத் தொடரலாம். வேரிஸ்டரைக் கழற்றிவிட்டாலும் மெஷின் ஓடும். சோதனைக்கு ஓட்டு, ஆனால் புதுசு போடாமல் மூடாதே.

அதற்குப் பக்கத்தில் ஃபியூஸோ, ஃபியூஸ் வேலை பார்க்கும் ரெசிஸ்டரோ இருக்கும். சில பத்து ஓம் மதிப்பு. பார்க்க முழுசாக இருந்தாலும் அளந்தால் திறந்து கிடக்கும். இது செத்திருந்தால், அதற்கு அடுத்துள்ள பவர் சப்ளை ஐசியும் செத்திருக்க நிறைய வாய்ப்பு. பல போர்டுகளில் அது எல்என்கே304, வேறு சிலவற்றில் வைப்பர் வகை. எல்என்கே304-இல் எட்டுக் கால் இருக்க வேண்டிய உடம்பில் ஏழுதான் இருக்கும். ஒரு கால் உடைந்துவிட்டது என்று பயப்படாதே, பிறப்பிலேயே அப்படித்தான். அதன் டிரெயின் காலுக்கும் சோர்ஸ் காலுக்கும் நடுவே அள. இரு பக்கமும் மாற்றி வைத்தாலும் சில ஓம்தான் என்றால் ஐசி போய்விட்டது. விலை சில பத்து ரேண்ட்தான். மாற்றும்போது மூன்றையும் சேர்த்து மாற்று: ஐசி, ரெசிஸ்டர், பக்கத்திலுள்ள எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள். கெப்பாசிட்டர் தலை உப்பியிருக்கவில்லை என்பதால் அது நல்லது என்று அர்த்தமில்லை. வருடக்கணக்கில் சூட்டில் காய்ந்தது வெளியே ஒன்றும் காட்டாது. 105 டிகிரி தாங்கும் வகையாகக் கேட்டு வாங்கு. ரெசிஸ்டர் இடத்தில் சாதாரண ரெசிஸ்டரோ கம்பித் துண்டோ ஒருநாளும் போடாதே. அதே மதிப்பில், தீப்பிடிக்காத ஃபியூசிபிள் வகைதான் வேண்டும். அடுத்த முறை ஏதாவது ஆனால் வீட்டுக்குப் பதில் அது எரியட்டும்.

ஐசியை யார் கொன்றது? வேரிஸ்டர் கருகியிருந்தால் பதில் கிடைத்துவிட்டது. அது சுத்தமாக இருந்தால், ஐசி தரும் 12 வோல்ட் லைனில் ஷார்ட் இருக்கிறதா, ரிலேயின் (காந்தத்தால் இயங்கும் சுவிட்சின்) சுருள் போயிருக்கிறதா, 12-ஐ 5 வோல்ட்டாக்கும் ரெகுலேட்டர் சரியா என்று மீட்டரில் பார்த்துவிடு.

முதல் முறை கரண்ட் கொடுக்கும்போது நேராகச் சொருகாதே. 60 வாட் பழைய குண்டு பல்பு ஒன்றை லைவ் கம்பியில் தொடராக வை. எல்ஈடி பல்பு இதற்கு ஆகாது, உள்ளே இழை இருக்கிற பல்புதான் வேண்டும். போர்டையும் முகப்புப் பலகையையும் மட்டும் இணை. ஹீட்டர், மோட்டார், பம்ப் எதுவும் வேண்டாம். பல்பு ஒரு கணம் மினுங்கி அணைந்தால் நல்லது. பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் எங்கோ ஷார்ட் இன்னும் இருக்கிறது. பல்புதான் எரிகிறது, உன் புது ஐசி இன்னும் உயிரோடு இருக்கும். அணைந்த பிறகு, மீட்டரின் கருப்பு முனையை ரெகுலேட்டரின் நடுக்காலில் வைத்து இரு ஓரங்களையும் பார்: ஒரு பக்கம் 12 அல்லது அதற்கு அருகே, மறுபக்கம் 5. இது 7805 மாதிரி ரெகுலேட்டருக்குப் பொருந்தும். வேறு வகை என்றால் அதன் கால் வரிசையைப் பார்த்துக்கொள். இரண்டு வோல்டேஜும் வந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டிவிட்டாய்.

மீதிப் பாதி ட்ரையாக்கும் ரிலேயும். மூன்று கால் கொண்ட சின்ன ட்ரையாக்குகள் பம்புக்கும் வால்வுக்கும். ஹீட்சிங்க் தகட்டில் திருகியிருக்கும் பெரியது மோட்டாருக்கு. பிரதானமான இரு கால்களுக்கும் நடுவே கிட்டத்தட்ட பூஜ்யம் ஓம் காட்டினால் ஷார்ட். அறிகுறியும் மறைவாக இருக்காது: பட்டனைத் தொடும் முன்பே பம்ப் ஓடும், அல்லது டிரம் எடுத்த எடுப்பிலேயே முழு வேகத்தில் சுழலும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் தண்ணீர் உள்ளே வந்துகொண்டிருந்தால் மட்டும் அது போர்டின் குற்றம் இல்லை. வால்வில் மண் சிக்கியிருக்கிறது.

ஹீட்டர் ரிலேயின் அடிப்பக்கத்தைப் பூதக்கண்ணாடியில் பார். காலைச் சுற்றி ஈயத்தில் முடி மாதிரி மெல்லிய கருப்பு வட்டம் தெரிந்தால் அங்கே இணைப்பு விரிசல் விட்டிருக்கிறது. 8, 9 ஆம்பியர் போகிற இடம் அது. பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக வை. மேலேயே கொஞ்சம் பூசிவிட்டால் மறுபடி விரியும். தடம் கருகியிருந்தால் கனமான செம்புக் கம்பியால் அதை இணைத்துவிடு.

இவ்வளவும் கார்பன் பிரஷ் மோட்டார் வைத்த எளிய மெஷினுக்கு. உன்னுடையது இன்வெர்ட்டர் மோட்டார் (பிரஷ் இல்லாமல் போர்டே ஓட்டும் மோட்டார்; கரண்ட் போனால் ஓட்டும் இன்வெர்ட்டர் வேறு) வகையாக இருந்தால் போர்டுக்குள்ளேயே 325 வோல்ட் டிசி நிற்கும், கெப்பாசிட்டர்களும் பெரியவை. பவர் சப்ளை மூலையை அங்கேயும் இதே முறையில் பார்க்கலாம்; மோட்டாரை ஓட்டும் பவர் மாட்யூல் போயிருந்தால் அதோடு மல்லுக்கட்டாதே. போர்டு முழுவதையும் பிசினில் முக்கி எடுத்திருந்தாலும் அப்படித்தான். மெத்தென்ற ஜெல் என்றால் கொஞ்சம் சூடாக்கி மூங்கில் குச்சியால் தோண்டி வேண்டிய பாகத்தை அடையலாம். கல் மாதிரி இறுகியது என்றால் பழைய போர்டு ஒன்று தேடு.

தேடும்போது போர்டின் பாக எண் கடைசி எழுத்து வரை ஒத்துப்போக வேண்டும். மெஷின் மாடல் ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது. புரோகிராம் அமைப்புகள் தனியாக எட்டுக் கால் நினைவகச் சில்லில் இருந்தால், அதைப் பழைய போர்டிலிருந்து புதியதற்கு மாற்றிவிடு. டிஃபை மெஷின் என்றால் டர்பனில் தேடுவது சுலபம். 1905-இல் இங்கே தொடங்கிய நிறுவனம் அது. 2011 முதல் துருக்கியின் ஆர்செலிக் கையில் இருப்பதால், அதே குடும்பத்தைச் சேர்ந்த பெக்கோ மெஷின்களின் போர்டு எண்ணையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். பழைய சாமான் கடையில் வாங்கினால் ரசீது கேள். 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி பழைய பொருள் வியாபாரிகள் போலீஸில் பதிவு செய்திருக்க வேண்டும். ரசீது தர மறுப்பவரிடம் போர்டு என்ன, ஒரு திருகுகூட வாங்காதே.

எல்லாம் பொருத்தியபின் துணி போடாமல் ஒரு குளிர்ந்த நீர்ச் சுற்று ஓட்டு, பக்கத்திலேயே நில். அப்புறம் 60 டிகிரியில் ஒரு சுற்று. கதவுக் கண்ணாடி சூடேறுகிறதா, போர்டு பக்கம் வாடை வருகிறதா என்று கவனி. எக்ஸ்டென்ஷன் கம்பியோ மல்டி பிளக்கோ வேண்டாம், சுவரிலேயே சொருகு.

இன்வெர்ட்டர் விஷயம். பல வீடுகளில் உள்ள 1, 2 கிலோ வோல்ட் ஆம்பியர் டிராலி இன்வெர்ட்டரில் ஹீட்டர் போட்ட சுற்று ஓடாது. ஹீட்டர் ஒன்றே 2000 வாட் கேட்கும். குளிர்ந்த நீர்ச் சுற்று ஓடலாம், ஆனால் இன்வெர்ட்டர் பியூர் சைன் வகையாக இருக்க வேண்டும். மலிவான மாடிஃபைடு சைன் வகையில் அலை படிக்கட்டு படிக்கட்டாக வரும். ட்ரையாக் வைத்து வேகத்தைக் கட்டுப்படுத்தும் போர்டு அலை பூஜ்யத்தைக் கடக்கும் கணத்தை வைத்துத்தான் எண்ணுகிறது. அது குழம்பினால் டிரம் உதறும், பம்ப் உறுமும், நீ இப்போதுதான் மாற்றிய ட்ரையாக்கும் சூடேறும். லோட் ஷெட்டிங் அட்டவணை தெரிந்த நாளில் அந்த நேரத்துக்குள் முடிகிற மாதிரி துணியைப் போடு, இல்லையென்றால் போடாதே. நடுவில் கரண்ட் போய்விட்டால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, வந்த பிறகு ஐந்து நிமிடம் பொறுத்துச் சொருகு. கதவு உடனே திறக்காது. பல மெஷின்களில் பூட்டுக்குள் இருக்கும் சூடேறும் தகடு ஆறுவதற்கு ஒன்றிரண்டு நிமிடம் ஆகும். அப்படியும் திறக்காத வகை என்றால் கீழே பம்ப் ஃபில்டர் மூடிக்குள் இழுக்கும் பட்டை ஒன்று இருக்கிறதா என்று பார். முதலில் அங்கேயுள்ள சின்னக் குழாய் வழியாகத் தண்ணீரை ஒரு தட்டில் வடித்துவிட்டு அதை இழு.